பஸ்ஸில் பால் கொடுப்பது – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. போன மாதம் மனைவி, நாலு மாதக் கைக்குழந்தையுடன் மதுரையிலிருந்து பழனிக்குப் போனேன். ஆரப்பாளையத்தில் ஏறும்போது தூங்கிக்கொண்டிருந்தவன் வாடிப்பட்டி தாண்டியதும் வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டான். மனைவி துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தாள். பக்கத்து வரிசையில் இருந்த ஒரு ஆள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு எரிச்சலாகிவிட்டது. "பஸ் ஸ்டாண்டிலேயே ரூம் இருந்துச்சே, அங்கேயே கொடுத்துட்டு ஏறியிருக்கலாம்ல" என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் சரியாகப் பேசுவதில்லை. இனிமேல் வெளியே போனால் பாட்டில் பால் எடுத்துப் போங்கள் என்கிறார் அம்மா. பால் கொடுப்பதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. அதற்கென்று அரசாங்கம் ஒரு இடம் கட்டிக் கொடுத்திருக்கும்போது அதைப் பயன்படுத்துவதுதானே நாகரிகம்?

செ., மதுரை

அன்புள்ள தம்பி,

பார்த்தது அந்த ஆள், பேச்சு வாங்கியது உங்கள் மனைவி. அவரிடம் கேட்டால் சண்டை வரும், மனைவியிடம் சொன்னால் வராது என்று நினைத்திருப்பீர்கள். வந்துவிட்டது. உங்கள் மனைவி பேசாமல் இருப்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அறையைப் பற்றிச் சொல்கிறேன். 2015 ஆகஸ்டில், தாய்ப்பால் வாரத்தையொட்டி, ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு முழுக்கப் பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகளைத் திறந்தார்கள். நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாமான் மூட்டைகளுக்கு நடுவே, டீக்கடை வாசலில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பால் கொடுத்த பெண்களுக்கு ஒரு கதவும் ஒரு நாற்காலியும் கிடைத்தது சின்ன விஷயமா? பராமரிப்பு மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது. நன்றாக இருக்கும் அறையைப் பார்த்திருக்கிறேன். பூட்டித் தொங்கவிட்டு, சாவி யாரிடம் என்று மூன்று பேரிடம் விசாரிக்க வேண்டிய அறையையும் பார்த்திருக்கிறேன். ஒரு ஊரில் உள்ளே விளக்குமாறும் பினாயில் கேனும்தான் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன. ஊர் பெயர் வேண்டாம்.

ஆனால் எவ்வளவு நல்ல அறையாக இருந்தாலும் அது பஸ் ஸ்டாண்டில்தான் இருக்கும். உங்கள் மகனுக்குப் பசித்தது வாடிப்பட்டியில். நாலு மாதக் குழந்தைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் வேண்டும், சில சமயம் அதற்கு முன்னாலேயே. தூங்குகிற பிள்ளையை உலுக்கி எழுப்பி, "குடிச்சுக்கோடா, பழனி வரைக்கும் கிடைக்காது" என்றா சொல்ல முடியும்?

எனக்கு உறுத்துவது இன்னொன்று. அறை வந்த பிறகு, அறைக்கு வெளியே கொடுப்பது ஒழுங்குமீறல் என்பதுபோல ஒரு எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. தாய்க்கு வசதியாக இருக்கட்டும் என்று கட்டியதைக் காட்டியே அவளை விரட்டுகிறார்கள். 2018இல் கொல்கத்தாவில் ஒரு பெரிய மாலில் பால் கொடுக்க இடம் கேட்ட தாயைக் கழிப்பறைக்குப் போகச் சொன்னார்கள். அவர் முகநூலில் முறையிட்டபோது, இதையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டு வரலாமே என்கிற தோரணையில் பதில் வந்தது. ஊரே கொதித்த பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். நீங்கள் கழிப்பறை என்று சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன். "முடித்துவிட்டு வந்திருக்கலாமே" என்பது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இந்த அறைகள் தொடர்பாக உச்ச நீதிமன்றத்துக்கே ஒரு வழக்கு போனது. 2025 பிப்ரவரியில் நீதிபதிகள் நாகரத்னா, வராலே அமர்வு தீர்ப்பளித்தது. பொது இடங்களில் அறைகள் அமைக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று சொன்னதோடு நிற்கவில்லை. பொது இடத்திலும் வேலையிடத்திலும் தாய் பால் கொடுப்பதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னது. பெண்களின் கண்ணியத்தைக் குலைக்கும் வழக்கங்களைக் கைவிடுவது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தில் இருப்பதையும் எடுத்துக் காட்டியது. அறைக்கு நீதிமன்றத்தைத் துணைக்குக் கூப்பிடுபவர்கள் இந்தப் பாதியையும் படிக்க வேண்டும்.

சரி, நாகரிகம் என்கிறீர்கள். யாருடைய நாகரிகம்? நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரையில் பாருங்கள். வேப்பமரக் கிளையில் சேலைத் தொட்டில் கட்டியிருக்கும். பிள்ளை சிணுங்கினால் அந்தப் பெண் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்து கொடுப்பாள். பக்கத்துப் பெண்களோடு கூலிப் பேச்சு நிற்காது. சுற்றி ஆண்கள் இருப்பார்கள், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பூ மார்க்கெட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பவளையும் யாரும் ரூமுக்குப் போகச் சொல்வதில்லை. இதை நம் மக்களின் பெருந்தன்மை என்று நான் புகழ மாட்டேன். பாதி பழக்கம். மீதிப் பாதி, அவளுக்குக் காக்க வேண்டிய மானம் இருக்கிறது என்றே நம் ஆட்கள் நினைப்பதில்லை. உங்கள் மனைவி மாதிரிப் படித்த வீட்டுப் பெண் கொடுக்கும்போதுதான் 'டீசன்ட்' என்ற பேச்சு கிளம்புகிறது.

உடையும் மாறிவிட்டது. சேலை கட்டியவளுக்கு முந்தானையே போதும், இழுத்து மறைத்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. சுடிதாரில் டாப்ஸைக் கீழிருந்து மேலே தூக்க வேண்டும், இடுப்பு தெரியும், முதுகு தெரியும். இப்போது பக்கவாட்டில் ஜிப் வைத்த ஃபீடிங் குர்த்தி விற்கிறார்கள். பிள்ளை அலறும்போதுதான் அந்த ஜிப் சிக்கும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். துப்பட்டாவைப் போர்த்தினால், மதுரை வெயிலில், ஓடும் பஸ்ஸில், பிள்ளைக்கு உள்ளே வேர்த்துக் கொட்டும், காலால் உதைத்துத் தள்ளுவான். உங்கள் மனைவி அத்தனையும் சமாளித்துக்கொண்டுதான் கொடுத்திருக்கிறார்.

2018இல் ஒரு மலையாள இதழ், 'உற்றுப் பார்க்காதீர்கள், நாங்கள் பால் கொடுக்க வேண்டும்' என்று ஒரு மாடலின் படத்தை அட்டையில் போட்டது. எனக்கு அந்த அட்டை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. குழந்தையின் தாயை விட்டுவிட்டு மாடலை உட்கார வைத்ததில் கொஞ்சம் வியாபாரம் இருந்தது. ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். எவ்வளவு முயன்றும் எங்கள் கண்ணுக்கு ஆபாசம் தெரியவில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அந்த 'எவ்வளவு முயன்றும்' எனக்கு ரொம்பப் பிடித்தது. உங்கள் பஸ்ஸில் திரும்பித் திரும்பிப் பார்த்தவர் முயற்சியே இல்லாமல் கண்டுபிடித்திருக்கிறார்.

அப்புறம் அந்தப் பாட்டில். அம்மா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் தாய்ப்பால் குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். வெளியே போகும்போதெல்லாம் பவுடர் பாலைக் கொடுத்தால், அந்த நேரத்துப் பால் மார்பில் கட்டிக்கொள்ளும், வலிக்கும், காய்ச்சல்கூட வரும். அது வழக்கமாகிவிட்டால் சுரப்பும் குறையும். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். உங்கள் பையனுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவும் இல்லாமல் பஸ்ஸில் பாட்டிலைக் கொதிக்க வைப்பது யார், பவுடரைக் கரைக்கக் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு எங்கே போவது? ஒரு ஆளின் கண்ணுக்குப் பயந்து இவ்வளவு செய்ய வேண்டுமா?

அடுத்த தடவை மனைவிக்கு ஜன்னல் சீட்டைக் கொடுங்கள். நீங்கள் நடைபாதைப் பக்கம் உட்காருங்கள், பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் யாராவது திரும்பிப் பார்த்தால், "என்ன சார், ஏதாவது வேணுமா?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள். பெரும்பாலும் அவருக்கு உடனே தூக்கம் வந்துவிடும். அறை பக்கத்தில் இருந்து, சுத்தமாகவும் இருந்து, உங்கள் மனைவிக்கும் அங்கே உட்காரத் தோன்றினால் தாராளமாகப் போகட்டும். அதை அவர் முடிவு செய்துகொள்வார்.

இந்தப் பதிலை முதலில் அவரிடம் படிக்கக் கொடுங்கள். உங்கள் அம்மாவிடம் பாட்டில் பேச்சை எடுக்க வேண்டியதும் நீங்கள்தான், மனைவியை முன்னால் தள்ளிவிடாதீர்கள்.