வெளிநாட்டுக்குப் போய் ஏழைகளுக்கு வீடு கட்டும் கிறிஸ்தவ சபைக் குழுக்களால் பயன் உண்டா? பணத்தை அனுப்பினால் போதாதா?

உண்டு. நானே போய் வேலை செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் சான் டியாகோவில். எங்கள் சபையிலிருந்து எல்லை தாண்டி மெக்சிகோவின் டிஹுவானாவுக்குப் போவோம். அங்கே மண் குன்றுகளில் பழைய டயர்களை அடுக்கிச் சரிவைத் தடுத்து, அதன் மேல் வீடு கட்டியிருப்பார்கள். அமெரிக்காவில் கழற்றிப் போட்ட கராஜ் கதவுகள்தான் பல வீடுகளுக்குச் சுவர். தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்து, ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் நிறைய. குளிர்காலத்தில்தான் மழை. அப்போது மண் தரை சேறாகிவிடும்.

நாங்கள் முதலில் வேலை செய்தது ஓர் அம்மாவும் மூன்று பிள்ளைகளும் இருந்த வீடு. கட்டில் கால்களைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார். பிள்ளைகளின் பள்ளி ஷூக்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஆணியில் மாட்டியிருந்தார். நாங்கள் போட்டது சிமென்ட் தரை. உள்ளூர் கொத்தனார் சொல்லச் சொல்ல, கையாலேயே கலவை போட்டு வாளி வாளியாகக் கை மாற்றினோம். 'தண்ணீர் அதிகம், தண்ணீர் அதிகம்' என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணீர் கூடினால் கலப்பது சுலபம், காய்ந்ததும் தரை வெடிப்பு விடும். அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த முறை போனபோது ஷூக்கள் வாசலோரம் தரையில் வரிசையாக இருந்தன.

தரைக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். மெக்சிகோவின் கோவாவீலா மாநில அரசு 2000-ல் மண் தரை வீடுகளுக்கு சிமென்ட் போட ஆரம்பித்தது. ஆய்வாளர்கள் பின்னர் போய்ப் பார்த்தார்கள். வீடு முழுக்கச் சிமென்ட் தரையானால் சிறு குழந்தைகளின் குடற்புழுத் தொல்லை 78 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டார்கள். வயிற்றுப்போக்கும் ரத்தசோகையும் குறைந்தன. தாய்மார்களின் மனச்சோர்வும் குறைந்தது. செலவு வீட்டுக்குச் சுமார் 150 டாலர்.

சரி, பணத்தை அனுப்பலாமா? எங்களுக்குக் கார் பயணம்தான். தூரத்திலிருந்து விமானத்தில் வருகிறீர்கள் என்றால், அனுப்புவதே நல்லது. ஒருவர் டிக்கெட் காசில் பல வீடுகளுக்குத் தரை போடலாம். போவதாக இருந்தால் அங்குள்ள சபையிடம் முதலில் மூன்று விஷயம் கேளுங்கள்: கொத்தனார் உள்ளூர்க்காரரா, அவருக்குக் கூலி உண்டா, மனைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது. மூன்றாவதை நாங்கள் ஒருமுறை கேட்காமல் விட்டோம். தரை போட்ட சில மாதங்களில் இடத்துக்காரர் அந்தக் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.