பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் கொட்டேஷன்களை சிஆர்எம் என்ற வாடிக்கையாளர் மென்பொருளில் குழப்பமில்லாமல் வைப்பது எப்படி?

ஒரே பார்ட்டிக்கு நாலு கொட்டேஷன் போய், எது கடைசி என்று தெரியவில்லை என்கிறீர்கள். அனுப்பியதைத் திறந்து விலையைத் திருத்துவதால் வரும் வினை இது. அவர் கையில் பழைய பிடிஎஃப், உங்கள் திரையில் புது விலை. நகல் எடுத்து, அதே எண்ணுடன் ஆர்1, ஆர்2 எனச் சேர்த்து, பழையதை ரத்து நிலைக்கு மாற்றுங்கள். எல்லாம் ஒரே டீலின் (அந்த வியாபாரத்துக்கான பதிவின்) கீழ் இருக்கட்டும்.

எல்லை ஊர்களில் பெரிய சிக்கல் வரிதான். பார்ட்டியின் ஜிஎஸ்டி எண் 32 என்று தொடங்கினால் கேரளா, 33 தமிழ்நாடு. பாலக்காட்டுக்காரர் வாங்கி, சரக்கும் அங்கேயே இறங்கினால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி. மாநிலக் கட்டம் காலியாக இருந்தால் சில மென்பொருள்கள் ஒரே மாநிலத்துக்குள் விற்பதுபோல சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) என்று பிரித்துப் போட்டுவிடும். 18 சதவீதமோ 9+9-ஓ, மொத்தத் தொகை ஒன்றேதான். அதனால் யார் கண்ணிலும் படாது. அப்படியே பில்லாகிவிட்டால் சரியான தலைப்பில் மறுபடி கட்டி, முன்பு கட்டியதை ரீஃபண்டாகக் கேட்டு அலைய வேண்டும். ஆகவே மாநிலத்தையும் ஜிஎஸ்டி எண்ணையும் கட்டாயப் புலங்களாக்குங்கள்.

லாரி வாடகையைக் கொட்டேஷனில் தனி வரிசையாகக் காட்டுங்கள். நீங்களே வசூலித்தால் சரக்குக்குரிய வரி விகிதமே அதற்கும்.

தென்னை நார் போல விலை ஆடும் சரக்குக்கு, கொட்டேஷன் செல்லுபடியாக 7 நாள் கெடு போதும். 5-ஆம் நாள் நினைவூட்டல் வரட்டும். ஆர்டர் உறுதியானதும் கையால் தட்டாமல், கொட்டேஷனிலிருந்தே சேல்ஸ் ஆர்டராக மாற்றுங்கள்.