மஞ்சள் கேப்ஸ்யூலை நம்பி இமாட்டினிபை நிறுத்தலாமா?

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

"என் அண்ணனுக்கு 41 வயது. தக்காளி மண்டியில் வேலை. சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்காக ஐந்து வருடமாக இமாட்டினிப் 400 மி.கி. சாப்பிடுகிறார். போன மாதம் எடுத்த பி.சி.ஆர். 0.02 சதவீதம். ஓசூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒரு வீடியோ அனுப்பினார். எபிஜெனடிக் நொதிகளைச் சரிசெய்தால் நோய் வேரோடு போய்விடுமாம், மாத்திரையே வேண்டாமாம். மஞ்சள் சத்து கேப்ஸ்யூல், மாதம் 4,800 ரூபாய். கூடவே ஒரு ஜீன் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறதா? எங்கள் ஊர் போர் தண்ணீரால் வந்த நோயா இது? பிள்ளைகளுக்கும் வருமா?"

மாத்திரையை நிறுத்தக் கூடாது. கேப்ஸ்யூல் வேண்டாம். அந்த டெஸ்ட் இப்போதைக்குத் தேவையில்லை. இதுதான் பதில். ஆனால் வீடியோ சொல்வது முழுப் பொய்யாக இருந்தால் நான் இத்தோடு நிறுத்திக்கொள்வேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, சிக்கலே அதுதான். நல்ல ஆராய்ச்சி ஒன்றை எடுத்து, அது சொல்லாத முடிவை அதன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

சி.எம்.எல். நோயில் 9-வது குரோமோசோமும் 22-வது குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. குட்டையாகிப்போன 22-வது குரோமோசோமை 1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கண்டுபிடித்தார்கள். அது துண்டு மாறியதால் வந்தது என்பதை 1973-ல் ஜேனட் ரௌலி காட்டினார். மாறிய துண்டுகள் ஒட்டிய இடத்தில் பி.சி.ஆர்.-ஏபிஎல் என்ற புது மரபணு உருவாகிறது. (ரிப்போர்ட்டில் வரும் பி.சி.ஆர். டெஸ்ட் வேறு, இந்தப் பெயரில் உள்ள பி.சி.ஆர். வேறு. இந்த மரபணு ரத்தத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அளப்பதுதான் அந்த டெஸ்ட். பெயர் ஒத்துப்போவதால் பலரும் குழம்புகிறார்கள்.) அந்த மரபணு செய்யும் புரதம் ஓய்வே இல்லாமல் செல்லைப் பெருகு பெருகு என்று விரட்டும். அந்தப் புரதத்தை முடக்குவதுதான் இமாட்டினிபின் வேலை. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த இந்த மாத்திரை, சில ஆண்டுகளில் உயிரை எடுத்துவிடும் நோயைச் சர்க்கரை வியாதி மாதிரி சமாளிக்கக்கூடியதாக மாற்றிவிட்டது. இன்று இது மலிவாகக் கிடைப்பதற்குப் பின்னால் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. காப்புரிமை விண்ணப்பத்தை 2006-ல் சென்னை காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று அந்த நிராகரிப்பே உறுதியானது.

சரி, எபிஜெனடிக் நொதிகள் எங்கே வருகின்றன?

டி.என்.ஏ.வில் எழுத்து மாறுவது ஒரு வகைக் கோளாறு. எழுத்து அப்படியே இருக்க, எந்தப் பகுதியைச் செல் வாசிக்கும், எதை வாசிக்காமல் விடும் என்பது மாறுவது இன்னொரு வகை. இதைத்தான் எபிஜெனடிக் மாற்றம் என்கிறார்கள். உங்கள் அண்ணன் மண்டியில் பார்த்திருப்பார். பழைய கணக்கை யாரும் அழிப்பதில்லை, அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் பின் அடித்துவிடுவார்கள். செல்லிலும் பின் அடிக்கும் நொதிகள் உண்டு, பின்னைக் கழற்றும் நொதிகளும் உண்டு. டி.என்.ஏ. மீதே மெத்தில் என்ற சிறு வேதிக்குறியை ஒட்டுபவை டி.என்.எம்.டி. நொதிகள். அதை எடுக்க உதவுவது டெட்-2. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேல் மெத்தில் ஒட்டி மரபணுக்களை அடைப்பது ஈ.இசட்.எச்.-2. ஹிஸ்டோனிலிருந்து அசிட்டைல் குறியை நீக்கி இறுக்கமாக்குபவை எச்.டி.ஏ.சி. நொதிகள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் இவை வேண்டும். இவை இல்லாவிட்டால் தோல் செல் தோலாகவும் ரத்த செல் ரத்தமாகவும் இருக்க முடியாது.

சி.எம்.எல்.-இல் இவற்றுக்கு என்ன வேலை? இமாட்டினிப் சாப்பிட்டால் பெருகிக்கொண்டிருக்கும் செல்கள் சாகின்றன. எலும்பு மஜ்ஜைக்குள் பெருகாமல் தூங்கிக்கொண்டிருக்கும் புற்று மூலச்செல்கள் (மற்றப் புற்றுச் செல்களுக்கு விதை மாதிரியானவை) சிலவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. பி.சி.ஆர்.-ஏபிஎல் புரதத்தை அடக்கினாலும் அவை பிழைத்துக்கொள்ளும் என்பது 2011 வாக்கிலேயே தெளிவாகிவிட்டது. அப்படியானால் எதைப் பிடித்துக்கொண்டு பிழைக்கின்றன? அந்தத் தேடலில்தான் இந்த நொதிகள் அகப்பட்டன. அமெரிக்காவில் ரவி பாட்டியாவின் குழு 2010-ல் எச்.டி.ஏ.சி. தடுப்பு மருந்தை இமாட்டினிபோடு சேர்த்தால் இந்தத் தூங்கும் செல்கள் குறைகின்றன என்று காட்டியது. 2012-ல் அதே குழு சர்ட்-1 என்ற இன்னொரு நொதியைக் கண்டது. அது பி-53 என்ற காவல் புரதத்தை மந்தமாக்கி, சாக வேண்டிய செல்லைக் காப்பாற்றிவிடுகிறது. 2016-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், ஈ.இசட்.எச்.-2-வைத் தடுத்தாலும் அந்தச் செல்கள் தளர்ந்துபோகின்றன என்று எலிகளில் காட்டின. 'வேர்' என்று வீடியோவில் சொன்னது இந்த மூலச்செல்களைத்தான். அது வரை சரி.

வீடியோ சொல்லாமல் விட்டது இரண்டு. முதலாவது, இந்த ஆய்வுகளில் எல்லாம் புது மருந்து இமாட்டினிப் போன்ற மாத்திரையோடு சேர்த்துத்தான் நன்றாக வேலை செய்தது. மாத்திரையை விட்டுவிட்டு இதை எடுங்கள் என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை. அதுவும் ஆய்வகத்திலும் எலியிலும் நடந்ததுதான். ஈ.இசட்.எச்.-2 தடுப்பு மருந்தான டாசிமெட்டோஸ்டாட் 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் சார்கோமா என்ற திசுப் புற்றில் ஒரு வகைக்கும், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றில் ஒரு வகைக்கும். சி.எம்.எல்.-க்கு அல்ல.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சி.எம்.எல். மூலச்செல்லில் ஈ.இசட்.எச்.-2 அதிகமாகி நோயைக் காக்கிறது. வேறு சில மஜ்ஜைப் புற்றுகளில் அதே ஈ.இசட்.எச்.-2 பழுதாகிக் குறைந்துபோவதே நோய்க்குத் துணையாகிறது. ஓரிடத்தில் அடக்க வேண்டியதை இன்னோரிடத்தில் அடக்கினால் கெடுதல். ஆகவே 'நொதியைச் சரிசெய்யும்' கேப்ஸ்யூல் என்றால், எந்த நொதியை, எந்தச் செல்லில், கூட்டியா குறைத்தா என்று கேளுங்கள். விற்பவரிடம் பதில் இருக்காது.

அண்ணனின் பழைய ரிப்போர்ட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சி.எம்.எல். என்றுதானே இருக்கிறது? சி.எம்.எம்.எல். என்று இன்னொரு நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் உண்டு, பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. பெயரில் ஓர் எழுத்துதான் கூடுதல், நோய் முற்றிலும் வேறு. அதில் இந்த நொதிகள்தான் மையம். ஏறக்குறைய பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் டெட்-2 பழுதாகியிருக்கும். அங்கே அசாசிடிடின், டெசிடபின் என்ற ஊசிகள் உண்மையிலேயே பயன்படுகின்றன. டி.என்.எம்.டி. நொதியைச் சிக்க வைத்து மெத்தில் குறிகளைக் குறைக்கும் மருந்துகள் இவை. அசாசிடிடினை வழக்கமாக 28 நாளுக்கு ஒரு முறை ஏழு நாள் போடுவார்கள். சி.எம்.எல். முற்றி, தீவிர ரத்தப் புற்றாக மாறும் கட்டத்திலும் சில நோயாளிகளுக்கு இவற்றை மாத்திரையோடு சேர்ப்பதுண்டு. உங்கள் அண்ணன் அந்தக் கட்டத்தில் இல்லை.

மஞ்சள் சத்தான குர்குமின் ஆய்வகத் தட்டில் சில எபிஜெனடிக் நொதிகளைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் வாய் வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேர்கிறது. அதைச் சமாளிக்கத்தான் கேப்ஸ்யூலில் மிளகுச் சத்தான பைப்பரினைச் சேர்க்கிறார்கள். இமாட்டினிபைக் கல்லீரலில் உடைக்கும் நொதியின் வேலையில் பைப்பரின் குறுக்கிடக்கூடியது. அடர்த்தியான மஞ்சள் கேப்ஸ்யூல்களால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் இருக்கின்றன. இமாட்டினிபே சிலருக்குக் கல்லீரலைத் தொந்தரவு செய்யும், அதன் மேல் இது ஏன்? குழம்பில் போடும் மஞ்சளும் மிளகும் தாராளமாக இருக்கட்டும், அதற்கு நான் தடை சொல்லவில்லை. நெல்லிக்காயும் அப்படித்தான். டெட்-2 வேலை செய்ய வைட்டமின் சி உதவும் என்று 2017-ல் எலி ஆய்வுகள் வந்ததும் வைட்டமின் சி வியாபாரமும் கிளம்பிவிட்டது. பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் வகைகளை மட்டும் தவிருங்கள், இமாட்டினிபின் அளவை அவை ஏற்றிவிடக்கூடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் ஆகியவை அந்த அளவைக் குறைத்துவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இமாட்டினிப் சாப்பிடுவதைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஜீன் டெஸ்ட் விஷயம். ஏ.எஸ்.எக்ஸ்.எல்.-1 போன்ற எபிஜெனடிக் மரபணுக்களின் பழுது, நோய் கண்டுபிடிக்கும்போதே இருந்தால் போக்கு சற்றுக் கடினமாக இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் 0.02-க்கு இறங்கி நிற்கும் ஒருவருக்கு அந்த முடிவு எப்படி வந்தாலும் வைத்தியம் மாறப்போவதில்லை. எண் மறுபடி ஏறினால் எடுக்க வேண்டிய டெஸ்ட் வேறு. பி.சி.ஆர்.-ஏபிஎல்-லிலேயே புதுப் பழுது வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் டி315ஐ என்ற பழுது வந்தால் இமாட்டினிப் பலிக்காது, பொனாட்டினிப் அல்லது அசிமினிப் என்ற வேறு மாத்திரைகள் பக்கம் போக வேண்டியிருக்கும். அந்தப் பணத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் பி.சி.ஆர். டெஸ்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே லேப், இன்டர்நேஷனல் ஸ்கேல் (எல்லா லேபுக்கும் பொதுவான அளவுகோல்) என்று குறித்த ரிப்போர்ட். ரத்த எண்ணிக்கையும் கல்லீரல் டெஸ்ட்டும் தர்மபுரியிலேயே எடுக்கலாம். பி.சி.ஆர். சாம்பிள் பெரும்பாலும் வெளியூர் லேபுக்குப் போகும், அப்படிப் போவதில் தவறில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எதெதற்குச் செல்லும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மாத்திரையை என்றைக்குமே நிறுத்த முடியாதா? முடியும், ஆனால் வரம்பு உண்டு. பொதுவாக 0.01 சதவீதத்துக்குக் கீழே குறைந்தது இரண்டு, மூன்று ஆண்டுகள் அசையாமல் நிற்க வேண்டும். நிறுத்திய பிறகு முதல் ஆறு மாதம் மாதா மாதம் பி.சி.ஆர். எடுக்க வேண்டும். அப்படி நிறுத்தியவர்களில் சுமார் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, அதுவும் பெரும்பாலும் அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே. உடனே மறுபடி தொடங்கினால் ஏறக்குறைய எல்லோருக்கும் கட்டுக்குள் வந்துவிடுகிறது. அண்ணனின் 0.02 நல்ல எண், ஆனால் அந்தக் கோட்டுக்கு இன்னும் சற்று மேலே. தூங்கும் மூலச்செல்கள் இருக்கும் வரை இந்த நிதானம் வேண்டும்.

அந்தக் கோட்டைத் தொட வழி தினசரி மாத்திரைதான். லண்டனில் 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாத்திரை பாட்டில் மூடிக்குள் நோயாளிகளுக்குத் தெரியாமல் சிறு சிப் வைத்து எத்தனை முறை திறக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஆறு ஆண்டில் 0.1 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வாய்ப்பு 94.5 சதவீதம். அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு 28.4. மாதத்தில் மூன்று நாள் தவறினாலே 90-க்கு வந்துவிடும் என்பதை யோசித்துப் பாருங்கள். விடியலுக்கு முன்பே மண்டிக்குப் போகிறவர் வெறும் வயிற்றில் இதைப் போட்டால் குமட்டும், குமட்டினால் அடுத்த நாள் தள்ளிப்போடுவார். ராத்திரி களியோ சோறோ சாப்பிட்டதும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு போடச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசனில் தோப்பிலேயே தங்குபவர்களுக்கும், வேலைக்குப் பெங்களூரு போய் வருபவர்களுக்கும் நான் சொல்வது, பையில் ஓர் அட்டை உபரியாக இருக்கட்டும் என்பதுதான். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

போர் தண்ணீர்: நம் மாவட்டத்து ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். சி.எம்.எல்.-க்கு அதைக் காரணம் சொல்ல ஆதாரம் இல்லை. உறுதியான காரணமாகத் தெரிந்திருப்பது ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்கள் பட்டது போன்ற அதிகக் கதிர்வீச்சு மட்டுமே. பிள்ளைகளுக்கும் வராது. குரோமோசோம் மாற்றம் நடந்தது அண்ணனின் மஜ்ஜை செல்லில், அது வழிவழியாகப் போவதில்லை.

கேப்ஸ்யூலை அண்ணன் ஏற்கெனவே சாப்பிடத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். ஒரு கல்லீரல் டெஸ்ட் எழுதித் தருவார், அவ்வளவுதான். கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ சிறுநீர் கருத்துப் போனாலோ அந்த அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.