ஊரில் ஓடும் எஸ்ஐபியை நிறுத்தலாமா?

தம்பி, மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, இந்தியாவில் மாதம் 3,000 ரூபாய் எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) போகிறது, அதை நிறுத்திவிட்டு இங்கே யூனிட் டிரஸ்ட்டில் (இந்த ஊர் மியூச்சுவல் ஃபண்ட்) போடலாமா, சின்ன முதலீட்டுக்காரனுக்கு எந்த வரி நியாயம் என்று கேட்டிருந்தீர்கள். செம்பனை ஆலைக் கணக்கு ஆபீசில் 19 வருடம் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வரியை மட்டும் பார்த்தால் மலேசியாதான் மேல். தனியாள் யூனிட்டை விற்று லாபம் பார்த்தால் இங்கே வரி கிடையாது. 2024 மார்ச்சில் வந்த மூலதன ஆதாய வரி (சொத்தை விற்ற லாபத்துக்கான வரி) கம்பெனி போன்றவற்றுக்குத்தான். ஆனால் இங்கே பல ஈக்விட்டி ஃபண்டுகளில் (பங்குகளில் போடும் ஃபண்டுகள்) சேரும்போதே 5% வரை விற்பனைக் கட்டணம் போய்விடும். 1,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் ஏறக்குறைய 950தான் முதலீடாகும். லாபமே வராவிட்டாலும் போன காசு போனதுதான். நான் அதையும் வரிக் கணக்கிலேயே சேர்ப்பேன்.

இந்தியாவில் ஈக்விட்டி ஃபண்டை ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்துக்கு 12.5% வரி. வருடத்துக்கு 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி இல்லை. 2024 ஜூலை 23க்கு முன்பு 10%, வரம்பு 1 லட்சம். விகிதம் ஏறியதில்கூட எனக்கு வருத்தமில்லை, சின்ன ஆளுக்கு வழி விட்டிருக்கிறார்கள். வருத்தம் வேறு. ஊரில் இருப்பவர் விற்றால் முழுப் பணமும் கைக்கு வரும். நம்மைப் போல் வெளிநாட்டில் இருக்கும் இந்தியர், அதாவது என்ஆர்ஐ, விற்றால் ஃபண்ட் கம்பெனி அந்த 1.25 லட்சத்தைக் கணக்கில் எடுக்காமல், லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே வரியைப் பிடித்துக்கொள்ளும்.

2024 டிசம்பரில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக என் இந்திய ஃபண்டை விற்றேன். லாபம் 80,000 ரூபாய். சட்டப்படி நான் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பிடித்தது செஸ்ஸோடு (வரி மேல் போடும் 4% கூடுதல்) 10,400. குறைந்த பணத்துக்குப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் 500 வெள்ளி கைமாற்று வாங்கினேன். அப்புறம் அதைத் திரும்பப் பெற வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய மன்னார்குடி ஆடிட்டருக்கு 2,500. பிடித்த பணம் திரும்பி வந்தது அடுத்த செப்டம்பரில். லட்சக்கணக்கில் லாபம் பார்ப்பவருக்கு ஆடிட்டர் எப்படியும் இருப்பார், அவருக்கு இது கூடுதல் செலவே இல்லை. எனக்கு என் பணத்தை நானே வாங்குவதற்குக் கால்வாசி போயிற்று. இது அநியாயம்தான், தம்பி.

சின்னப் பணம் என்று யாரும் லேசாக நினைக்கக் கூடாது. இந்த ஊர்க்காரர், மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் பங்கு சேர்த்தார்கள். அந்தக் காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். என் எதிர்வீட்டுப் பாட்டி அந்தப் பங்குப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

சரி, இங்கே போகும் விற்பனைக் கட்டணம் திரும்பாது, அங்கே பிடித்த வரி தாமதமானாலும் திரும்பும். அதனால் எஸ்ஐபியை நிறுத்த வேண்டாம். ஃபண்டில் கொடுத்த கேஒய்சி (அடையாள விவரம்) பதிவில் என்ஆர்ஐ என்று மாற்றி, ஊர் வங்கிக் கணக்கை என்ஆர்ஓ (என்ஆர்ஐக்கான ரூபாய்க் கணக்கு) ஆக்குங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள். விற்கும் வருடம் லாபத்தை 1.25 லட்சத்துக்குள் வைத்து, மறக்காமல் ரிட்டர்ன் போடுங்கள். அவசரச் செலவுக்கு மட்டும் அந்தப் பணத்தை நம்பாதீர்கள். அதற்கென்று நாலு மாதச் சம்பளத்தை இங்கேயே பேங்கில் வையுங்கள்.