சிவப்பு மையைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், டீச்சர்

வணக்கம் டீச்சர். ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டில் ஒரு பிழை விடாமல் திருத்துகிறீர்கள், ஆனாலும் அதே பிழைகள் திரும்ப வருகின்றன, கட்டுரையும் நாலு வரியாகச் சுருங்கிவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். சுருங்கத்தான் செய்யும். எழுதினால் வட்டம் விழும் என்று தெரிந்த பிள்ளை புதுச் சொல்லைத் தொடாது.

ஒரு கட்டுரையில் ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்தினால் போதும். முதலில் ண, ந, ன. ட-வுக்கு முன் ண் (வண்டி), த-வுக்கு முன் ந் (பந்து), ற-வுக்கு முன் ன் (கன்று). இதை விதியாக ஒப்பிக்க வைக்காமல், செய்தித்தாளைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். விதியை மீறும் சொல்லுக்கு ஒரு மிட்டாய் என்று சொல்லுங்கள். ‘அவன்தான்’ என்று ஒரு வாண்டு நிச்சயம் ஓடிவரும். அது ‘அவன்’, ‘தான்’ என்று இரண்டு சொல் சேர்ந்தது என்று பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

ல, ள, ழ-வுக்கு இப்படிக் குறுக்குவழி இல்லை. தினமும் வாய்விட்டு வாசிக்க விடுங்கள். தென்மாவட்டப் பிள்ளை ழ-வை ள-வாகச் சொன்னால் அது வீட்டுப் பேச்சு, கேலி வேண்டாம்.

வல்லினம் மிகுதலா, அதாவது இரு சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் சேர்வதா? பெரியவர்களே தடுமாறுகிற இடம். ‘அந்த, இந்த’வுக்குப் பிறகும், ‘ஐ, கு’ உருபுகளுக்குப் பிறகும் சரியாகப் போட்டால் இந்த வருடத்துக்குப் போதும்.

“நோட்டே சரியா திருத்தறதில்ல” என்று பெற்றோர் வருவார்கள். பக்கத்தின் மேலேயே “இந்த வாரம் ண, ந, ன மட்டும்” என்று எழுதிவிடுங்கள். தலைமையாசிரியர் கேட்டாலும் அதையே காட்டலாம்.