மணிக்கு அப்புறம் கட்டை

அன்புள்ள ஐயா,
1987-ல் தெரிந்த சூப்பர்நோவாவிலிருந்து, அதாவது வெடித்த நட்சத்திரத்திலிருந்து, உலகம் முழுக்கச் சிக்கியதே இரண்டு டஜன் நியூட்ரினோதான் (எதிலும் லேசில் மோதாத நுண்துகள்). இப்போது அதைவிட மெலிதான சமிக்ஞையைத் தேடுகிறார்களாம். இது வெறும் நம்பிக்கை இல்லையா? தேனி நியூட்ரினோ ஆய்வகத் திட்டம் பற்றியும் உங்கள் கருத்து வேண்டும்.
கதிர், அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள கதிர்,

தேனியை இன்னொரு நாள் பேசலாம். 'வெறும் நம்பிக்கை' என்ற சொல்தான் என்னைக் கோபப்படுத்தியது. எண்ணிக்கையைப் பார்த்தீர்கள், நேரத்தைப் பார்த்தீர்களா? பிப்ரவரி 23 அன்று ஜப்பான், அமெரிக்கா, சோவியத் யூனியன் மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், பத்துப் பதிமூன்று நொடிக்குள், வெளிச்சம் வந்து சேர்வதற்குச் சில மணி நேரம் முன்பே வந்தவை அவை. படிக்கிற பிள்ளை இதைத் தேடிப் பார்க்காமல் எழுதலாமா?

இந்த வாரம் முழுக்க அப்பா ஞாபகமாகவே இருக்கிறது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தார். ஒரு ஐப்பசி ராத்திரி எங்கள் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. கை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. சில்வர் ஓக் மரமெல்லாம் சொட்டுகிறது, எங்கெங்கோ மணிச் சத்தம். நான் ஒவ்வொரு மணிக்கும் ஓடப் பார்த்தேன். அப்பா தோளைப் பிடித்து நிறுத்தினார். "மணி எல்லார் வீட்டு மாட்டுக்கும் இருக்குடா. மணிக்கு அப்புறம் கட்டை இடிக்குதா கேளு." ஓடுகாலி மாடு என்று அதன் கழுத்தில் தொண்டுக்கட்டை கட்டியிருந்தோம், நடந்தால் முட்டியில் இடிக்கும்.

ஜப்பானில் சூப்பர் கமியோகாண்டே என்ற நியூட்ரினோ ஆய்வகம் செய்வதும் இதுதான். மலைக்கு அடியில் 1000 மீட்டர் ஆழத்தில் 50,000 டன் தண்ணீர். அண்டத்தில் இதுவரை வெடித்த நட்சத்திரங்களின் நியூட்ரினோக்கள் எல்லாம் கலந்து எப்போதும் நம்மைக் கடந்துபோகின்றன, அதில் ஆண்டுக்கு ஒரு சிலதான் அங்கே சிக்கும் என்பது கணிப்பு. எதிர் நியூட்ரினோ (நியூட்ரினோவின் எதிர்த்துகள்) ஒன்று தண்ணீரில் உள்ள புரோட்டானில் மோதினால், அதில் பிறக்கும் பாசிட்ரான், அதாவது எலக்ட்ரானின் எதிர்த்துகள், ஒரு மின்னல் போடும். அந்த மாதிரி மின்னல் வேறு காரணத்தாலும் வரும், அதனால் அது மட்டும் போதாது. கூடவே ஒரு நியூட்ரானும் பிறக்கிறது. வெறும் தண்ணீரில் அது அடங்கும்போது வரும் ஒளி ரொம்ப மங்கல். அதனால்தான் 2020-ல் கடோலினியம் என்ற உலோகத்தின் உப்பைத் தண்ணீரில் கலந்தார்கள். கடோலினியம் நியூட்ரானைப் பிடித்ததும் நன்றாகத் தெரிகிற இரண்டாவது மின்னல் வரும், நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு தாமதத்தில். இரண்டும் அடுத்தடுத்து, பக்கத்துப் பக்கத்தில் வந்தால்தான் கணக்கில் சேரும். 2024-ல்கூட ஒரு சாயல் தெரிகிறது என்றுதான் சொன்னார்கள், கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லவில்லை. நம்பிக்கைக்காரன் இப்படியா பேசுவான், கதிர்?

அன்றைக்கு அப்பா எத்தனையோ மணிக்கு "இல்லை" என்று தலையாட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விடியப்போகிற நேரத்தில் பக்கத்துத் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் மணி, உடனே டொக்கென்று கட்டை. அப்பா ஒன்றும் சொல்லாமல் என் கையில் கயிற்றைக் கொடுத்தார்.