சுற்றுலா ஊர் ஹோட்டல் உணவகங்களில் பணியாளர்கள் ஏன் இவ்வளவு அலட்சியமாக இருக்கிறார்கள்?

தேக்கடிக்கோ மூணாறுக்கோ குடும்பத்தோடு போய், காலை உணவுக்குக் காத்திருந்து எரிச்சலடைந்தவர் நீங்கள் என்று நினைக்கிறேன். நான் தேக்கடியை ஒட்டிய குமுளியில் ஒரு ஹோட்டல் உணவகத்தில் கேப்டனாக, அதாவது பரிமாறுபவர்களுக்கு மேற்பார்வையாளராக, வேலை பார்ப்பவன். ஆகவே உங்கள் கேள்வி என்னைச் சற்றுச் சுட்டுவிட்டது.

எங்கள் ஊரில் காலை உணவின் நேரத்தைத் தீர்மானிப்பவை பெரியாறு ஏரிப் படகுகள். முதல் படகு 7.30-க்கு, அடுத்தது 9.30-க்கு. ஆனவச்சாலில் வண்டியை நிறுத்திவிட்டு, வனத்துறைப் பேருந்தில் படகுத்துறைக்குப் போக வேண்டும் என்பதால், இரண்டாம் படகுக்காரர்கள் எல்லோரும் எட்டு மணிக்கு ஒரே மூச்சில் உணவகத்துக்குள் வருகிறார்கள். வந்தவர்கள் அனைவருக்கும் காடு தெரியும் கண்ணாடிச் சுவரோர மேசைதான் வேண்டும். அந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளும் பையன் மூச்சுவிட நேரமின்றி ஓடிக்கொண்டிருக்க, உள்பக்க மேசைகளுக்குப் பொறுப்பானவன் கைகட்டி நிற்பான். விருந்தினர் கண்ணில் படுவது நிற்பவன் மட்டுமே.

சபரிமலை சீசனில் ஒரு நாள், மதுரையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "வெள்ளைக்காரனுக்குக் கேட்ட உடனே ஆம்லெட் வருது, நமக்குத் தோசை வர மாட்டேங்குது. நீயும் தமிழன்தானே தம்பி?" என்றார். ஆம்லெட் அடுப்பு கூடத்திலேயே, அவர் கண்முன் இருந்தது. தோசைக்கல் கீழ்த்தளச் சமையலறையில். அன்று லோயர் கேம்ப் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவொன்றில் லாரி பழுதாகி நின்றதால், கூடலூரிலிருந்து வர வேண்டிய தோசை மாஸ்டர் பேருந்தில் மாட்டிக்கொள்ள, கரண்டியைப் பிடித்திருந்தவர் பரோட்டா மாஸ்டர். அவர் சுட்ட தோசையும் மூடி போட்டு மேலே வருவதற்குள் வியர்த்துத் துவண்டுவிட்டது. விருந்தினரிடம் சமையலறையைக் காரணம் காட்டக் கூடாது என்பது எங்கள் ஹோட்டல் விதி. "இதோ வருகிறது ஐயா" என்பதைத் தவிர எனக்கு வேறு வசனம் இல்லை.

கோபம் தணியாமல் அவர் கண்ணாடித் தம்ளரைத் தூக்கி, தண்ணீர் ஏன் அழுக்காக இருக்கிறது என்று கேட்டார். அது பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெந்நீர். கேரளத்தில் சாதாரணக் கடையில்கூட அதைத்தான் வைப்பார்கள். விளக்கிச் சொன்னதும் மனிதர் முகம் மாறி, அந்தச் சீவல் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். தோசை அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது கருத்துப் பெட்டியில் எழுதக்கூடும். துடைக்காத மேசையும், கைப்பேசியில் மூழ்கியிருக்கும் பணியாளனும் எங்கும் உண்டு, மறுக்கவில்லை. சீசனுக்கு முதல் நாள் ஆளெடுத்து மறுநாளே சீருடை மாட்டிக் கூடத்தில் நிறுத்தினால் அப்படித்தான் நடக்கும்.

உண்மையான அலட்சியம் பில்லில் இருக்கிறது என்பேன். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் தானாகவே சேர்ந்துவிடும். எங்களுக்குத்தான் அது போகிறது என்று நம்பி விருந்தினர்கள் டிப்ஸ் வைக்காமல் எழுந்து போவார்கள். அதில் ஒரு பைசாகூட எங்கள் கைக்கு வந்ததில்லை. அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஜி.எஸ்.டி. அரசுக்குப் போகும் வரி, அதற்காக எங்களோடு சண்டை போட வேண்டாம். ஆனால் பில்லில் சேவைக் கட்டணம் என்று போட்டிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பரிமாறிய பையனுக்கு ஏதேனும் கொடுக்க மனமிருந்தால் அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். காலையில் படகுக்குப் போகாத நாளாக இருந்தால், ஒன்பது மணிக்கு மேல் சாப்பிட வாருங்கள்.